திரும்பப் பெற்ற புகார்: ஒரு பிரெஞ்சுத் திரைப்படமும் ரமணாசிரமத்தில் ஓர் இரவும்

குற்றவியல் திரைப்படம் ஒன்றைக் குறித்து இறையியல் இதழில் எழுதுவது தகுமோ என்று வாசகருள் சிலர் ஐயுறக்கூடும். திரையரங்கின் வாசலை மிதிப்பதே பாவம் என்று திடப்படுத்தல் வகுப்பில் கற்பிக்கப்பட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. ஆயினும் களவு, புகார், விசாரணை, தீர்ப்பு, சிறை, விடுதலை என்னும் சொற்கள் திரையரங்கிற்கு மட்டும் உரியன அல்ல. அப்போஸ்தலனாகிய பவுலின் நிருபங்களை விளக்கும் ஒவ்வொரு முறையும் நாம் நீதிமன்றத்தின் மொழியைத்தான் பேசுகிறோம். நீதிமானாக்கப்படுதல் என்னும் நமது தலையாய போதனையே வழக்காடு மன்றத்திலிருந்து எடுத்த உருவகமன்றோ!

இக்கட்டுரையில் இரண்டு களவுகளை அருகருகே வைத்து நோக்க விழைகிறோம். ஒன்று, ரொபேர் பிரெஸ்ஸோன் என்னும் பிரெஞ்சு இயக்குநர் 1959இல் பாரிஸ் மாநகரில் எடுத்த ‘பிக்பாக்கெட்’ என்னும் திரைப்படத்தில் வருவது. மற்றொன்று, 1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இரவு, திருவண்ணாமலையில் மலையின் தென்புறத்து அடிவாரத்திலுள்ள ரமணாசிரமத்தில் நிகழ்ந்தது. முன்னது கற்பனை, பின்னது வரலாறு. இரண்டிலும் பொருளைப் பறிகொடுத்தவர் கள்வனுக்கு எதிராக எழும்பவில்லை. அவ்வாறு எழும்பாமை கள்வனுக்கு எதனைச் செய்கிறது, எதனைச் செய்யாமல் விடுகிறது என்பதே நம் முன் நிற்கும் வினா. மன்னிப்பைக் குறித்து ஞாயிறுதோறும் பேசும் கடமை நமக்கு இருப்பதால், இவ்வினா நம்மை நேராகத் தொடுகிறது.

துப்பறியும் கதையின் நியாயம்

தமிழில் குற்றவியல் படத்திற்கு ஒரு செவ்விய எடுத்துக்காட்டு வேண்டுமாயின், 1954இல் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’ என்னும் படத்தைக் கூறலாம். வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தர் அதனை இயக்கினார். கதையை எழுதிய ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். பாடல் ஒன்றேனும் இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் வந்தது அக்காலத்தில் பெரும் புதுமை. 1943 அக்டோபரில் சென்னையின் மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாட்களே கதையின் காலம். சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, உடன்பிறந்தவன், அவன் மனைவி, அண்டை வீட்டுக்காரர், ராஜனோடு தொடர்புள்ள ஒரு பெண் என ஒவ்வொருவர் மீதும் ஐயம் படர்கிறது. சுட்டவர் யார் என்பது வெளிப்படும்போது படம் முடிவடைகிறது.

இவ்வகைக் கதைகளுக்கு ஒரு நியாயம் உண்டு. மறைந்திருப்பது வெளியாக வேண்டும். பலர் மீது படிந்த ஐயம் ஒருவர் மீது வந்து இறங்க வேண்டும். அது இறங்கிய கணத்தில் ஏனையோர் குற்றமற்றவராகின்றனர். அவர்களோடு பார்வையாளரும் நிம்மதி அடைகின்றனர். ஆங்கிலக் கவிஞரும் ஆங்கிலிக்கன் சபையினருமான ஆடன் 1948இல் எழுதிய கட்டுரை ஒன்றில், துப்பறியும் கதை தரும் இன்பமே இதுதான் என்றார். கொலைகாரன் வேறு, நான் வேறு என்னும் மயக்கத்தைச் சற்று நேரம் அது நமக்குத் தருகிறதாம். பரிசேயனும் ஆயக்காரனும் தேவாலயத்தில் நின்று செய்த ஜெபங்களை (லூக்கா 18) இவ்விடத்தில் நினைவுகூரலாம். துப்பறியும் கதை நம்மைப் பரிசேயனின் இடத்தில் மிக எளிதாக நிறுத்திவிடுகிறது.

பிரான்சு நாட்டில் குற்றக் கதைக்கு நெடிய மரபு உண்டு. 1955ஆம் ஆண்டு மட்டுமே குளூஸோவின் ‘லே தியாபொலிக்’, ஜூல்ஸ் டாஸ்ஸனின் ‘ரிஃபிஃபி’ என இரு புகழ்பெற்ற படங்கள் அங்கு வெளியாயின. பின்னதில் நகைக்கடைக் கொள்ளை ஏறக்குறைய அரைமணி நேரம், பேச்சும் இசையும் இன்றிக் காட்டப்படுகிறது. பார்ப்பவர் தம்மை அறியாமலே கள்வர் அகப்படாதிருக்க வேண்டும் என்று விரும்பத் தொடங்கிவிடுவர்! இந்த மரபின் நடுவில்தான் பிரெஸ்ஸோனின் படம் வந்தது. அதன் தொடக்கத்திலேயே, இது துப்பறியும் வகையைச் சேர்ந்த படம் அன்று என்னும் அறிவிப்பு எழுத்தில் காட்டப்படுகிறது. பலவீனத்தால் களவில் இழுக்கப்பட்ட ஓர் இளைஞனின் கொடுங்கனவு இது. ஆயினும் இவ்விபரீதமான வழி, வேறெவ்வகையிலும் சந்தித்திராத இரண்டு ஆத்துமாக்களை ஒன்று சேர்க்கும் என்பது அவ்வறிவிப்பின் கருத்து. முடிவு என்ன என்பதை முதலிலேயே கூறிவிடும் குற்றப்படம் இது. ஆகவே ‘யார் செய்தது’ என்னும் வினாவுக்கு இங்கு வேலை இல்லை.

மிஷேலின் கதை

மிஷேல் படித்தவன், நிலையான தொழில் இல்லாதவன், பாரிசில் புத்தகங்கள் நிறைந்த ஒரு சிற்றறையில் தனியே வாழ்பவன். லோன்ஷாம் குதிரைப் பந்தயத் திடலில் ஒரு பெண்ணின் கைப்பையைத் திறந்து பணத்தை எடுக்கிறான். சற்று நேரத்தில் பிடிபடுகிறான். சான்று போதாமையால் விடுவிக்கப்படுகிறான். அவனுக்கு நோயுற்ற தாய் ஒருத்தி உண்டு. அவளுக்குப் பணம் கொண்டுபோகும் மகன், உள்ளே சென்று அவள் முகத்தைப் பாராமல், அண்டை வீட்டுப் பெண்ணாகிய ழான் என்பவளிடம் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான். ழாக் என்னும் நண்பன் வேலை தேடித் தர முயல்கிறான். காவல் அதிகாரி ஒருவரோ அவனைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்.

அந்த அதிகாரியிடமே மிஷேல் ஒரு கொள்கையை எடுத்துரைக்கிறான். தனித்திறமை வாய்ந்த சிலர் சில வேளைகளில் சட்டத்திற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது அது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) என்னும் நாவலைப் படித்தோர், ரஸ்கோல்னிக்கோவின் சாயலை இங்குக் கண்டுகொள்வர். ஆனால் ரஸ்கோல்னிக்கோவ் கோடரியை எடுத்தான். மிஷேலோ விரல்களை மட்டும் எடுக்கிறான். கடிகாரத்தை மேசைக் காலில் கட்டி வைத்து அதைக் கழற்றப் பழகுகிறான். தேர்ந்த ஜேப்படிக்காரன் ஒருவனிடம் தொழில் கற்கிறான். அப்பாத்திரத்தில் நடித்த கஸாகி என்பவர் மெய்யாகவே கைவித்தைக்காரர். படத்திற்குத் தொழில்நுட்ப ஆலோசனை கூறியவரும் அவரே. லியோன் இரயில் நிலையக் காட்சியில் பணப்பைகள் ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்கு மாறி, உள்ளிருந்த பணம் உருவப்பட்ட பின், உரியவன் சட்டைப்பைக்கே மீண்டும் செல்வதும் உண்டு. நாட்டியத்தின் அபிநயம் போன்ற அழகு அக்கைகளுக்கு இருக்கிறது.

அந்த அழகுதான் பார்ப்பவரைத் துன்புறுத்துகிறது. களவு மிஷேலுக்குப் பசியின் விளைவு அன்று. பரிசுத்த அகுஸ்தீன் தமது ‘அறிக்கைகள்’ நூலின் இரண்டாம் பகுதியில், தாம் பதினாறு வயதில் தோழரோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதைக் கூறுகிறார். பசி இல்லை. அதனினும் நல்ல கனி வீட்டில் இருந்தது. திருடியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். களவையே களவுக்காக விரும்பினேன் என்பது அவர் ஒப்புக்கொள்ளும் செய்தி. பிரெஸ்ஸோனை ஜான்சனியர் என்று அழைக்கும் திறனாய்வாளர் பலர் உளர். ஜான்சனியம், பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் அகுஸ்தீனின் அருட்போதனையைக் கடுமையாகப் பற்றிநின்ற கத்தோலிக்க இயக்கம். மனிதன் தன் முயற்சியால் மீள இயலாது, தேவ அருள் தான் விரும்பிய இடத்தில் வந்து தொடவேண்டும் என்னும் அதன் அழுத்தம் நமது சீர்திருத்த மரபினருக்கு அந்நியமானதன்று. இப்படத்திற்கு முன் பிரெஸ்ஸோன் எடுத்த சிறைதப்பும் படத்திற்கு (1956), நிக்கொதேமுவோடு ஆண்டவர் பேசியவற்றுள் காற்றைக் குறித்த வாக்கே துணைத் தலைப்பாக அமைந்தது. அப்படத்தில் அந்த வேதபகுதியைக் கைதியிடம் கொடுப்பவர் உடன் கைதியாயிருக்கும் ஒரு புரொட்டஸ்டண்டுப் போதகர்.

மிஷேலின் தாய் இறந்துபோகிறாள். அதன் பின்னர், காவல் அதிகாரி அவனுடைய அறைக்கு வந்து ஒரு செய்தியைச் சொல்கிறார். முன்பொருகால் முதியவள் ஒருத்தியின் பணம் களவு போனதாகப் புகார் பதிவாகியிருந்தது. மறுநாளே அப்புகார் திரும்பப் பெறப்பட்டது. அம்முதியவள் அவனுடைய தாய். எடுத்தவன் யார் என்று உணர்ந்ததும் அவள் புகாரை விட்டுவிட்டாள்.

படத்தின் அச்சாணி இதுவே என்பது என் துணிபு. மிஷேல் மனந்திரும்புமுன்பே, மன்னிப்பு உண்டு என்று அவன் அறியுமுன்பே, மன்னிப்பு நடந்தேறிவிட்டது. நாம் பிரசங்கிக்கும் சுவிசேஷத்தின் வடிவம் இதுவேயன்றோ? நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்பது ரோமர் ஐந்தாம் அதிகாரத்தின் போதனை. நமக்கு விரோதமாயிருந்த கையெழுத்துச் சீட்டு குலைக்கப்பட்டுச் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது என்கிறது கொலோசெயர் இரண்டாம் அதிகாரம். புகார்ச் சீட்டு கிழிக்கப்பட்டாயிற்று.

ஆனால் பிரெஸ்ஸோன் நம் பிரசங்கங்களை விட நேர்மையானவர். அச்செய்தியைக் கேட்ட மிஷேல் அழுது மனந்திரும்புகிறானா? இல்லை. அவன் இரயிலேறி ஓடிவிடுகிறான். மிலான், ரோம், பின்னர் இலண்டன் என்று இரண்டாண்டுகள் திருடியும் சூதாடியும் கழித்து, கைப்பொருள் இழந்து மீள்கிறான். தான் மன்னிக்கப்பட்டவன் என்று அறிவது ஒருவனை மீட்பதற்குப் பதிலாக விரட்டவும் கூடும். ஆயர் பணியில் சில ஆண்டுகள் இருந்தோர் இதனைக் கண்டிருப்பர். கடனைப் பொறுத்துக்கொண்ட மூத்த சகோதரன் வீட்டுப் பக்கமே தலைகாட்டாத தம்பிமார் எந்தச் சபையில் இல்லை?

மீண்டு வந்தவன், ழாக்கின் குழந்தையோடு தனித்து வாழும் ழானைக் காண்கிறான். நேர்மையாக உழைத்து அவளுக்கு உதவுகிறான். பின்னர் அதே லோன்ஷாம் திடலில், கட்டுக்கட்டாகப் பணத்தைக் காட்டும் ஒருவனிடம் கை நீட்டுகிறான். அவன் காவல் துறையைச் சேர்ந்தவன். விலங்கு மாட்டப்படுகிறது. சிறையில் ழான் வந்து பார்க்கிறாள். சில காலம் அவள் வரவில்லை; குழந்தைக்கு நோய் என்று கடிதம் வருகிறது. அக்கடிதத்தைப் படிக்கையில் அவன் உள்ளம் அசைகிறது. மீண்டும் அவள் வந்தபோது, கம்பிகளின் வழியே இருவரும் முகத்தோடு முகம் சேர்க்கின்றனர். அவளிடம் வந்துசேர எத்துணை விநோதமான பாதையில் நடக்க நேர்ந்தது என்று வியக்கிறான். எழுபத்தைந்து நிமிடங்களில் படம் முடிகிறது.

இங்கு மாணவருக்கு ஓர் எச்சரிக்கை. ழானைக் கிறிஸ்துவின் நிழல் என்று உருவகப்படுத்திப் பிரசங்கம் தயாரிக்கும் ஆசை எழும், அதற்கு இடங்கொடுக்கலாகாது. அவள் ஒரு பெண், கைவிடப்பட்ட தாய். சொல்லப்போனால், அவளுடைய துயரத்தை இயக்குநர் போதிய அளவு கேட்கவில்லை என்பதும், ஆடவன் ஒருவனின் மீட்புக்குக் கருவியாகவே அவளை நிறுத்திவிட்டார் என்பதும் இப்படத்தின் மீது நான் வைக்கும் குறை. மார்ட்டின் லாசால், மரிகா கிரீன் ஆகிய இருவரும் தேர்ந்த நடிகர் அல்லாதவராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர். முகபாவம் இன்றி, குரல் ஏற்றத்தாழ்வின்றி அவர்கள் பேசுவது முதன்முறை பார்ப்போருக்குச் சலிப்பூட்டலாம். இம்முறையைக் குறித்து விரிவாக எழுதிய பால் ஷ்ரேடர், கடுமையான கால்வினிய சபையில் வளர்ந்தவர். 1972இல் வெளிவந்த அவருடைய நூல் ஓசு, பிரெஸ்ஸோன், டிரையர் ஆகிய மூவரையும் ஒப்பிட்டது. பின்னர் அவரே இயக்குநராகி, 1980இல் எடுத்த ‘அமெரிக்கன் ஜிகலோ’ படத்தை இதே சிறைச்சந்திப்புக் காட்சியைத் தழுவி முடித்தார்.

அடிவாரத்தில் ஓர் இரவு

இனித் திருவண்ணாமலைக்கு வருவோம். நம் வாசகருள் ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தோருக்கு இவ்வூர் புதிதன்று; டேனிஷ் மிஷனின் பள்ளி இங்கு உண்டு. ரமணர் தாமும் மிஷன் பள்ளியை அறிந்தவர். மதுரையில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் வேங்கடராமன் என்னும் மாணவனாகப் பயின்றார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் வீட்டை விட்டு நீங்கியபோது, தமையனின் கல்லூரிக் கட்டணத்திற்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். கட்டணம் இன்னும் செலுத்தப்படவில்லை என்பதையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, மீதி இரண்டு ரூபாயை அதனுடன் வைத்துச் சென்றார். அப்போது அவர் வயது பதினாறு. பேரிக்காய் திருடிய அகுஸ்தீனின் வயது. ஆனால் கணக்கு எழுதி வைத்துவிட்டுச் செல்பவனைக் கள்வன் என்பதற்கில்லை.

1922 மே மாதத்தில் அவருடைய அன்னையார் காலமானார். சமாதி மலையடிவாரத்தில் அமைந்தது. அவ்வாண்டின் இறுதியில் ரமணர் மலைமேலிருந்த ஸ்கந்தாசிரமத்தை விட்டு அங்கு வந்து தங்கினார். அதனைச் சுற்றியே இன்றைய ஆசிரமம் எழுந்தது. ஊரிலிருந்து விலகிய அந்த இடத்தில் அப்போது இருந்தவை மிகச் சில கட்டடங்களும் கொட்டகைகளுமே. 1924 ஜூன் 26ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன், அங்கே பெரும் பொருள் இருக்கும் என்று எண்ணிய கள்வர் சிலர் வந்து சன்னலை உடைக்கத் தொடங்கினர். உள்ளிருந்தோர் திடுக்கிட்டு எழுந்தனர். ரமணரோ, கதவைத் திறந்துவிடுவதாகவும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அவர்களிடம் கூறச்செய்தார். அவர்களை எதிர்க்க முற்பட்ட அடியார் ஒருவரைத் தடுத்து, அவர்கள் செய்வது அவர்கள் தொழில், பொறுப்பது நம் தொழில் என்னும் கருத்துப்படப் பேசினார். கருப்பன் என்னும் ஆசிரம நாய்க்கு அடிபடலாகாது என்று அதனை முதலில் அப்புறப்படுத்தச் சொன்னார். பிறகு தம்மவரோடு மண்டபத்தை விட்டு வெளியேறினார்.

வெளியே வந்தோரைக் கள்வர் கோலால் அடித்தனர். ரமணரின் இடத்தொடையில் அடி விழுந்தது. திருப்தியில்லையாயின் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்றார் அவர். விளக்கு வேண்டும் என்று கள்வர் கேட்டபோது, அதையும் கொடுக்கச் சொன்னார். சினம் பொறாமல் இரும்புக் கம்பியை எடுத்த சீடரிடம், பல் நாவைக் கடித்துவிட்டால் பல்லை உடைத்தெறிவோமோ என்று கேட்டுத் தடுத்தார். கள்வர் கொண்டு சென்றவை, தெய்வ உருவங்களின் மேல் இருந்த வெள்ளித் தகடுகள் சிலவும் வேறு சில பொருள்களுமே. எல்லாம் சேர்ந்து பத்து ரூபாய் அளவே பெறும். அங்கு வந்திருந்த ஓர் அன்பரின் ஆறு ரூபாயும் போயிற்று. தமக்கும் ‘பூசை’ கிடைத்தது என்று ரமணர் சிலேடையாகக் கூறியது ஆசிரம வழக்கில் நிலைத்துவிட்டது. வழிபாட்டுக்கும் அடிக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவதை எண்ணினால் அதன் நயம் விளங்கும். இதற்கிடையில் அடியார் ஒருவர் ஊருக்குள் சென்று உதவி வேண்டியிருந்தார், காவலரும் வந்தனர். மறுநாள் விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோதும், யாரேனும் வினவினாலன்றித் தாம் அடிபட்டதை ரமணர் எடுத்துரைக்கவில்லை. சில நாட்களில் கள்வர் பிடிபட்டனர், பொருள்கள் மீண்டன, அவர்கள் சிறை சென்றனர்.

மலைப்பிரசங்கத்தை மனப்பாடமாக அறிந்த நாம் இதைப் படிக்கையில் நாணாமல் இருக்க இயலாது. அடித்தவனுக்கு மறுபக்கத்தைக் காட்டவும், வஸ்திரத்தை எடுப்பவனுக்கு அங்கியையும் விடவும் ஆண்டவர் கற்பித்ததை, கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் அவ்விரவில் எழுத்துப்படி செய்தார். இதற்கு அத்வைதக் கொள்கைதான் காரணம், ஆகவே இது நம் போதனையோடு ஒப்பிடத்தக்கதன்று என்று தட்டிக்கழிப்போர் உளர். அது சரியன்று. பல்லும் நாவும் ஒரே உடல் என்னும் உவமை அத்வைதத்தின் பாற்பட்டதே என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓர் அவயவம் பாடுபட்டால் அனைத்தும் பாடுபடும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் உடலுவமைதானே! உடலின் எல்லை எதுவரை என்பதில் வேறுபாடு உண்டு. உவமையின் வலிமை ஒன்றே. 1949இல் பிரான்சு நாட்டுத் துறவி ஹென்றி லெ சோ (அபிஷிக்தானந்தர்) ரமணரைக் கண்டபோது எழுந்த கலக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பின்னாளில் அருணாசலக் குகைகளிலேயே அவர் தங்கித் தவம் இருந்தார்.

புகார் எங்கே போகிறது?

இரண்டு நிகழ்ச்சிகளையும் இப்போது சேர்த்துப் பார்க்கலாம். பாரிசுத் தாய், எடுத்தவன் தன் மகன் என்று அறிந்ததால் புகாரை விட்டாள். ரமணரோ எடுத்தவர் யார் என்று அறியாமலே விட்டார். முன்னது உறவின் மன்னிப்பு. பின்னது பற்றின்மையின் மன்னிப்பு. தன்னுடையது என்று எதையும் கொள்ளாதவரிடம் களவு செய்ய இயலாது. கதவைத் திறந்துவைத்து எடுத்துக்கொள் என்று கூறும்போது, கள்வன் கள்வன் என்னும் நிலையையே ஒருவாறு இழக்கிறான். இது மிக உயர்ந்த நிலை; ஐயமில்லை.

ஆனால் அக்கள்வருக்கு என்ன ஆயிற்று? ரமணரின் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அவர்கள் பிடிபட்டதோடு அவர்களை விட்டுவிடுகின்றன. அவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, பிற்கால வாழ்வு இல்லை. ஞானியின் பொறுமையை விளக்க வந்த பாத்திரங்களாகவே நின்றுவிடுகின்றனர். இதனை ஆசிரமத்தார் மீது குறையாகக் கூறவில்லை. நம் கைகளும் தூய்மையானவை அல்ல. ஆண்டவரோடு அறையுண்ட இரு கள்வரையும் நாம் பிரசங்கத்தில் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? ஒருவன் மனந்திரும்பியோனுக்கு மாதிரி. மற்றவன் கடினப்பட்டோனுக்கு மாதிரி. மனிதராக அவர்களை யாரும் வினவுவதில்லை.

பிரெஸ்ஸோனின் படம் இவ்விடத்தில்தான் ஓர் அடி முன்னே செல்கிறது. புகார் திரும்பப் பெற்றது மிஷேலை மீட்கவில்லை. பின்னர் ஒருத்தி சிறைக்கம்பி வரை நடந்து வந்தபோதே அவன் உள்ளம் திறந்தது. தாயின் மன்னிப்பு ஆவணத்தில் இருந்தது. ழானின் வருகை அவன் கண்முன் நின்றது. நம்முடைய இறையியல் மொழியில் கூறின், நீதிமானாக்கப்படுதல் என்னும் தீர்ப்பும், ஒப்புரவாகுதல் என்னும் உறவும் பிரிக்கப்படலாகா. தீர்ப்பை மட்டும் அறிவித்துவிட்டு உறவை விட்டுவிடும் பிரசங்கத்தையும் சேர்த்தே போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று கடிந்தார் எனலாம். மறுபுறம், மன்னிப்பு என்பது களவை மறைத்தல் அன்று என்பதையும் மறக்கலாகாது. சகேயு தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்க முன்வந்தான். ஆனால் ஆண்டவர் அவன் வீட்டில் தங்குவதாக அறிவித்த பின்னரே அவன் அதைச் சொன்னான். வரிசை முக்கியமானது.

திருச்சபையும் கள்வரும்

இவ்வரிசையை நம் திருச்சபைகள் எப்போதும் காத்து வந்துள்ளனவா? ஆசிரமத்தில் களவு நிகழ்ந்த 1924இல், சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்டு, 1911ஆம் ஆண்டின் திருத்திய சட்டத்தால் இம்மாகாணத்திற்கும் விரிக்கப்பட்ட அச்சட்டம், சில சாதிகளையும் குலங்களையும் பிறவிக் கள்வர் என்று பதிவு செய்தது. விரல் ரேகை எடுப்பதும், இருப்பிடத்தை அறிவிக்கக் கட்டாயப்படுத்துவதும், குடியிருப்புகளில் அடைத்து வைப்பதும் அதன் வழிகள். இன்றைய ஆந்திரத்திலுள்ள ஸ்டூவர்ட்டுபுரம் குடியிருப்பை அரசுக்காக நடத்தியது கிறிஸ்தவ இயக்கமாகிய இரட்சணிய சேனை. கல்வியும் தொழிலும் கொடுத்தனர் என்பது உண்மை; ஒரு குழந்தை பிறந்த அன்றே அதன் மீது புகார் எழுதப்பட்டுவிட்ட அமைப்புக்குள் நின்று அதைக் கொடுத்தனர் என்பதும் உண்மை. மிஷேலின் தாய் புகாரைத் திரும்பப் பெற்றாள். இங்கோ களவு நிகழுமுன்பே புகார் பதிவாகியிருந்தது. சென்னையில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. அது விட்டுச்சென்ற பார்வை அவ்வளவு விரைவில் நீங்கவில்லை.

மற்றொரு பக்கமும் உண்டு. மார்ட்டின் லூத்தர் தமது பெரிய ஞானோபதேசத்தில் களவைக் குறித்த கட்டளையை விளக்கும்போது, சிறு கள்வரைத் தூக்கிலிடும் உலகம் பெருங்கள்வரை நாற்காலியில் அமர்த்திப் பிரபுக்கள் என்று வணங்குகிறது என்று கூறுகிறார். அளவையிலும் நிறையிலும் கூலியிலும் நிகழும் களவே ஊரெங்கும் பரந்த தொழில் என்பது அவர் கணிப்பு. சபைச் சொத்துக்களைக் குறித்து நம் மத்தியில் நடக்கும் வழக்குகளை நினைப்போர், இதற்கு விளக்கவுரை வேண்டார். சட்டத்திற்கு மேற்பட்ட சிலர் உண்டு என்னும் மிஷேலின் கொள்கை, பாரிசில் ஏழை இளைஞன் ஒருவனுக்கு மட்டும் தோன்றிய எண்ணம் அன்று. ஆலோசனைச் சங்க அறைகளிலும் அது குரல் தாழ்த்திப் பேசுகிறது. அங்கே புகாரைத் திரும்பப் பெறும்படி அறிவுரை கூறுவது பெரும்பாலும் அருளினால் அன்று, அச்சத்தினால். தாயொருத்தி தன் பணத்தை விட்டுக்கொடுக்கலாம். ஏழைகளின் காணிக்கையை விட்டுக்கொடுக்கும் உரிமை யாருக்கு உண்டு? ரமணர் விட்டுக்கொடுத்ததும் தம்முடையதைத்தான். அன்பரின் ஆறு ரூபாய் காவல்துறையின் வழியே தேடப்பட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இறையியல் கல்லூரிகளில் இப்படத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள், அதனைப் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தோடு சேர்த்து வைப்பது பயன்தரும். ஒநேசிமு எஜமானிடம் எதையேனும் எடுத்துச் சென்றானா என்பது உறுதியன்று. ஏதேனும் அநியாயம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால் என்ற நிபந்தனையோடே பவுல் பேசுகிறார். ஆனால் அவர் பிலேமோனிடம் புகாரைக் கிழித்தெறிய மட்டும் கேட்கவில்லை. அதனைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி கேட்டு, தாமே செலுத்தித் தீர்ப்பதாகச் சொந்தக் கையினால் எழுதிக் கொடுக்கிறார். எழுதியவரும் அப்போது சிறையில் இருந்தவர். திரும்பப் பெற்ற புகாருக்கு ஒரு விலை உண்டென்பதும், அதைச் செலுத்துபவர் ஒருவர் வேண்டுமென்பதும், குற்றவாளி ஓர் ஆவணமாக அல்லாமல் சகோதரனாக ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமென்பதும் அந்த இருபத்தைந்து வசனங்களுக்குள் அடங்கியிருக்கின்றன. பிலேமோன் அவனை எவ்வாறு வரவேற்றான் என்று நிருபம் கூறவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்னாத்தியார் எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தில், ஒநேசிமு என்னும் பெயருடைய கண்காணியார் ஒருவரை அன்போடு குறிப்பிடுகிறார். அவர் இவரே என்பாரும் உளர், அல்லர் என்பாரும் உளர்.